அப்போதிக்கரி ஐயாவின் கட்டுரைகளை நான் எண்ணிய மூன்று கிழமை

அச்சுக் கோர்க்கும் தம்பி முதலில் என்னை மன்னிக்க வேண்டும். என் கையெழுத்து கோழி கிளறிய குப்பைமேடு போல இருக்கும். எங்கே ‘ன’ வரும், எங்கே ‘ண’ வரும் என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் சாக்குகளின் மேல் இலக்கங்கள்தான். வாசிகசாலை ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் தலையை ஆட்டிவிட்டு வேறு ஒழுங்கையால் வீட்டுக்குப் போனேன். ஆனால் போன வருடம் நடந்த காரியம் இன்னும் நெஞ்சுக்குள் துள்ளிக்கொண்டிருக்கிறது. வாயால் சொல்ல எனக்கு வராது, ஆகவே எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். இலக்கங்களை மட்டும் தொடாதீர்கள். அவை சரி.

எனக்குத் தொழில் எண்ணுவது. சுன்னாகம் சந்தையில் வெங்காயக் கட்டுகளும் சாக்குகளும் லொறியில் ஏறும்போது பக்கத்தில் நின்று எண்ணுவேன். ஐந்துக்கு ஒரு ஈர்க்கை முறித்து இடக்கையில் வைப்பேன். இருபது ஈர்க்கு சேர்ந்தால் ஒரு புளியங்கொட்டையை மடிக்குள் போடுவேன். யார் சத்தம் போட்டாலும், யார் பகிடி விட்டாலும் எண்ணிக்கை தவறாது. அந்த வேலையில் ஒரு வசதி, ஆட்களோடு கதைக்கத் தேவையில்லை. இலக்கங்களைச் சொன்னால் போதும்.

1956இல் எங்கள் வாசிகசாலை தொடங்கியபோது எனக்கு இருபத்தொரு வயது. பத்திரிகைகளை மாதம் மாதம் அடுக்கித் தைத்து வைக்கும் வேலையை என்னிடம் தந்தார்கள். யார் முதலில் பேப்பர் பார்ப்பது என்று சண்டை பிடிக்காத ஆள் நான் ஒருவன்தான் என்பது காரணம். சாக்குத் தைக்கும் ஊசியாலும் சணல் நூலாலும் தைப்பேன். பத்திரிகை மட்டுமில்லை, பள்ளிக்கூட மலர், கோயில் திருவிழா மலர், சங்கங்களின் அறிக்கை, துண்டுப்பிரசுரம், எவர் எதைக் கொண்டுவந்து போட்டாலும் தைத்துவிடுவேன். இரண்டு அலுமாரி நிரம்பியது. பழைய பேப்பரைக் கடைக்கு நிறுத்துக் கொடுப்போம் என்று கூட்டத்தில் யாராவது தொடங்கினால், சாவியைத் தேடுவதாகச் சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடுவேன். எதிர்த்துக் கதைக்க எனக்குத் தைரியம் இல்லை. சாவியைத் தொலைக்கத் தைரியம் இருந்தது.

இனி அப்போதிக்கரி ஐயா. எங்கள் ஊர் அரசாங்க மருந்துச்சாலைக்குப் பொறுப்பாக இருந்தவர். பகலில் மருந்து கலக்குவார்; மிகுதி நேரத்தில் விஞ்ஞானக் கட்டுரை எழுதுவார். வெங்காயம் உரித்தால் ஏன் கண் எரிகிறது, இறைக்க இறைக்கக் கிணறு ஏன் உவர்க்கிறது, பனங்கிழங்கை ஏன் வெயிலில் காயவைக்கிறோம், இப்படி. எல்லாம் தமிழில், எங்களுக்கு விளங்கும்படி. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வரும். பத்திரிகை வந்ததும் அவர் தன் கட்டுரையை வெட்டி எடுத்து, அதற்குப் பொருத்தமான நோயாளிக்குப் போத்தலோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார். “இது குடிக்க, இது படிக்க” என்பார். அதனால் அவரிடம் ஒரு கட்டுரைகூட மிஞ்சவில்லை.

போன வருடம் என் உள்ளங்கையில் கயிறு அறுத்த காயத்துக்கு மருந்து கட்டப் போனேன். ஐயா கதிரையில் இருந்து ஒரு நீளக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாரும் காணும். கை பேந்து பாப்பம். முதல் இந்தக் கடிதத்தை வாசியும்.” ஐயா எல்லோரையும் ‘காணும்’ என்றுதான் கூப்பிடுவார்.

கொழும்பிலிருந்து வந்த கடிதம். கிராமத்துப் பள்ளிக்கூடங்களின் ஐந்தாம் வகுப்புக்குத் தமிழில் புதிய விஞ்ஞானப் புத்தகம் எழுதுவதற்கு ஒருவரைத் தெரிவு செய்யப் போகிறார்களாம். மிஞ்சிய இரண்டு பெயரில் ஐயாவுடையதும் ஒன்றாம். ஆனால் அவரிடம் பட்டம் இல்லாதபடியால், இதுவரை அச்சில் வந்த அவருடைய கட்டுரைகள் எத்தனை, எந்தத் தேதியில் வந்தவை என்று நிரல் அனுப்ப வேண்டும். அவர் எழுதியதைப் பிறர் தங்கள் எழுத்தில் எடுத்துச் சொன்ன இடங்கள் எத்தனை என்பதையும் அச்சு ஆதாரத்தோடு காட்ட வேண்டும். மூன்று கிழமைக்குள், அதாவது இருபத்தொரு நாளில்.

“மற்ற ஆள் ஒரு பட்டதாரி. நிரலை ரைப் அடிச்சு வைச்சிருப்பார்” என்றார் ஐயா. “நான் எங்கை போறது? எத்தினை போத்தல் இருமல் மருந்து குடுத்தனீர் எண்டு கேட்டால் கொப்பியைப் பாத்துச் சொல்லுவன். கட்டுரையை ஆர் எண்ணி வைச்சவன்?”

அவர் பகிடி போலத்தான் சொன்னார். ஆனால் கடிதத்தை மடித்த கை சரியாக மடிக்கவில்லை. அடுத்த வருடம் அவருக்கு ஓய்வு. பிள்ளைகளுக்கென்று ஒரு புத்தகம் எழுத வேண்டும் என்பது அவருடைய இருபது வருட ஆசை என்று ஊருக்கே தெரியும்.

“எண்ணலாம்” என்றேன்.

“எதை வைச்சு எண்ணுறது?”

“அலுமாரியிலை கிடக்கு ஐயா. தொடக்கத்திலையிருந்து முழுக்கக் கிடக்கு.”

அவர் எழும்பிவிட்டார். “மெய்யே காணும்? சத்தியமா?” என்று என் காயப்பட்ட கையையே பிடித்துக் குலுக்கினார். உயிர் போனது. ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்த நாள் முதல், சந்தை கலைந்ததும் நேரே வாசிகசாலைக்குப் போவேன். பொழுது படும் மட்டும் தாள் புரட்டுவேன். சந்தையில் எண்ணுகிற அதே முறைதான். அவருடைய கட்டுரை ஒன்று கண்டால் அந்தத் தாளில் ஒரு ஈர்க்குச் செருகுவேன். வேறு ஒருவர் அவரைப் பற்றிச் சொல்லியிருந்தால் ஒரு பெட்டிக்குள் புளியங்கொட்டை ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து நடு அறையில் பரப்பினேன். என் மனைவி எட்டாம் வகுப்பு வரை படித்தவள், வாசிப்பில் என்னைவிடக் கெட்டிக்காரி. முதலில் எட்டியும் பார்க்கவில்லை.

“வெங்காயம் எண்ணின ஆள் இப்ப விஞ்ஞானம் எண்ணுதாம்” என்று அடுப்படியில் இருந்தபடி பக்கத்து வீட்டுக்குக் கேட்கச் சொன்னாள். “பாத்துக்கொள்ளுங்கோ, அழுகினதைக் கழிச்சுப்போட்டு எண்ணுங்கோ.”

ஒன்பதாம் நாள் முடிந்தது. நூற்று எண்பத்தாறு கட்டுரை! இரண்டாம் தரம் எண்ணினேன். நூற்று எண்பத்தாறு. கட்டுகளின் ஓரமெல்லாம் ஈர்க்கு நீட்டிக்கொண்டு நின்றது, முள்ளுப்பன்றி மாதிரி. அவ்வளவு எழுதியிருப்பார் என்று அவரே நினைத்திருக்க மாட்டார். பெட்டிக்குள் கொட்டை ஏழு. ஏழு குறைவுதான். ஆனால் அந்த ஏழில் நான்கு, ஒரே பெண் எழுத்தாளர் எழுதியவை. ‘இந்த அறிஞர் சென்ற மாதம் தெளிவாக விளக்கியபடி’ என்று நான்கு இடத்தில் எங்கள் ஐயாவைப் பெயர் சொல்லிப் புகழ்ந்திருந்தார். யாரோ படித்த பெண், எங்கேயோ இருந்து இவரைத் தொடர்ந்து வாசித்திருக்கிறார்! சைக்கிளை எடுத்துக்கொண்டு மருந்துச்சாலைக்கு ஓடினேன்.

நூற்று எண்பத்தாறு என்றதும் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னதும் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

“அது... அதை விடும் காணும்.”

“ஏன் ஐயா? நாலு இடத்திலை சொல்லியிருக்கிறா.”

உள்ளே இருந்து அவருடைய மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. “சொல்லுங்கோவன். அவ ஆர் எண்டு சொல்லுங்கோவன் அந்த மனிசனுக்கு!”

“அவ நான்தான்” என்றார் ஐயா, மேசையைப் பார்த்துக்கொண்டு. “ஒரே கிழமையிலை ரெண்டு கட்டுரை போடுறதுக்கு ஆசிரியர் வேறை பேர் கேட்டார். மனிசியின்ரை தாயின்ரை பேரைப் போட்டனான்.”

“என்ரை அம்மா எழுத்துக் கூட்டியே வாசிக்கமாட்டா” என்றார் ஐயாவின் மனைவி, கதவடியில் வந்து நின்று. “இவர் அவவைக் கொண்டு தன்னைப் புகழப் பண்ணிப்போட்டார்.”

தன்னைத் தானே சொன்னதை எண்ணக்கூடாது என்று ஐயாவே நான்கையும் அடித்தார். மூன்று மிஞ்சியது. அதிலும் ஒன்று, அவரைத் திட்டி எழுதிய கடிதம். ‘மருந்து கலக்குகிறவருக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும்?’ என்று யாரோ கேட்டிருந்தார்.

“திட்டினதை எண்ணலாமோ?” என்று கேட்டேன்.

“வாசிச்சுத்தானே காணும் திட்டினவன். எண்ணும்” என்றார். ஆனால் குரலில் முந்திய உற்சாகம் இல்லை. இருபத்து மூன்று வருடம் எழுதி, மூன்று பேர். அதில் ஒருவன் திட்டினவன்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது எனக்குக் கோபம். யார் மேல் என்று தெரியவில்லை. அரிசி மா வறுக்கும் வெக்கையில் நின்ற மனைவியிடம் சொன்னேன். “ஒருத்தரும் அவரின்ரை பேரைச் சொல்லேல்லை. மூண்டே மூண்டு பேர்.”

அவள் அகப்பையை நிறுத்தாமல் கேட்டாள். “நான் உங்கடை பேரை எத்தினைதரம் சொன்னனான்?”

“நீ ஏன் சொல்லுறாய்?”

“இருபது வருசமா ஒருக்காலும் சொல்லேல்லை. அப்ப நீங்கள் இந்த வீட்டிலை இல்லையோ?”

நான் அடுப்படிப் படியில் குந்தினேன்.

“இஞ்சருங்கோ, அப்போதிக்கரி ஐயா எண்டுதானே நாங்களும் சொல்லுறம். ஊரிலை ஆராவது அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறியளோ? கதைக்கேக்கையே பேர் சொல்லாத சனம் கடுதாசியிலை எழுதுமே? மரியாதை இல்லாதவன்தான் பேரைப் போட்டிருப்பான். உந்தத் திட்டினவன் போட்டிருக்கிறான், பாருங்கோ.”

நான் ஒன்பது நாளும் அவருடைய பெயரைத்தான் தேடியிருக்கிறேன்! எங்கள் பக்கத்தில் வைத்தியம் பார்க்கிறவரையும் படிப்பித்தவரையும் பெயர் சொல்லுவதில்லை என்பது எனக்குத் தெரியாததா? நானே அவரைப் பெயர் சொன்னதில்லை. இந்தக் கட்டுரையிலும் சொல்லவில்லை, பாருங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியும் வந்து பாயில் இருந்தாள். இந்த முறை பெயரைத் தேடவில்லை. அவர் சொன்ன விடயங்களைத் தேடினோம். வந்தது பாருங்கள்! ‘அறிஞர் ஒருவர் கூறியது போல இரவில் இறைத்தால் கிணறு உவர்ப்பது குறையும்’ என்று புத்தூரில் ஒரு கமக்காரர் சங்க அறிக்கை. ‘பெரியவர் ஒருவர் எழுதியிருந்தார்’ என்று பள்ளிக்கூட மலர். ‘எங்கள் மதிப்புக்குரிய ஒருவர்’ என்று திருவிழா மலர். ஒவ்வொன்றுக்கும் அவருடைய பழைய கட்டுரையில் அந்த விடயம் இருந்தது. மனைவி ஒவ்வொன்றையும் உரக்க வாசிப்பாள். நான் கொட்டையைப் போடுவேன். “இன்னொண்டு! இஞ்சை இன்னொண்டு!” என்று அவள் கத்த, எங்கள் வீட்டில் யாருக்கோ பிள்ளை பிறந்துவிட்டது என்று நினைத்துப் பக்கத்து வீட்டு ஆட்கள் வேலியால் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு நாளில் அறுபத்தொன்று.

கட்டுகளைச் சைக்கிளில் ஏற்றி, பெட்டியைக் குலுக்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் ஐயாவுக்கு முன்னால் வைத்தேன். அவர் ஒவ்வொன்றையும் வாசித்தார். முகம் மலர்ந்தது, பிறகு சுருங்கியது.

“சரி காணும். ‘பெரியவர் ஒருவர்’ எண்டால் ஆர்? நீரும் நானும் நான்தான் எண்டு சொல்லுவம். கொழும்பிலை இருக்கிறவன் ஏன் நம்பவேணும்? கிணறு உவர்க்கிறதைப் பற்றி வேறை ஆரும் எழுதியிருக்கலாம் தானே. உண்மை எல்லாருக்கும் பொது. உண்மையிலை ஒருத்தன்ரை கையெழுத்தும் இருக்காது.”

நான் பெட்டியையும் கட்டுகளையும் திரும்ப வாசிகசாலைக்குக் கொண்டுபோய் வைத்தேன். நான்கு நாள் மிச்சம்.

அடுத்த நாள் சந்தையில் எண்ணிக்கொண்டு நின்றேன். வானம் இருண்டு, தெற்குப் பக்கம் ஒரு மின்னல் வெட்டியது. சாக்கு ஏற்றிய ஆள் ஒருவர் உடனே வாய்க்குள் எண்ணத் தொடங்கினார். இடி கேட்டதும், “பதினாறு. ரெண்டு மைலுக்கு அங்காலை நிக்குது, கெதியா ஏத்துங்கோ” என்றார். எட்டுக்கு ஒரு மைல். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் எண்ணுவார்கள்.

கையிலிருந்த ஈர்க்கு நழுவி விழுந்தது. எட்டு!

அந்த எட்டு பிழை. உலகத்தில் வேறு எங்கும் எட்டு இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அது என் வாயிலிருந்து வந்தது.

அறுபதாம் ஆண்டுக்குக் கிட்ட நடந்தது அது. இடியைப் பற்றிக் கட்டுரை எழுத ஐயாவுக்கு ஒரு கணக்குத் தேவைப்பட்டது. “வாசிக்கிற சனத்திட்டை மணிக்கூடு இல்லைக் காணும். வாய் இருக்கு. வாயாலை எண்ணிப் பாக்கக் கணக்குச் சொல்லவேணும். பிழைவிடாமல் எண்ணுற ஆள் நீர்தான், வாரும்” என்று என்னைக் கூட்டிக்கொண்டு காங்கேசன்துறைப் பக்கம் போனார். அங்கே சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல் உடைக்க வெடி வைப்பார்கள். ஒரு மைல் தள்ளி, மைல்கல்லடியில் சைக்கிள்களைச் சாத்திவிட்டு நின்றோம். புழுதி எழும்பியதும் அவர் “இந்தா” என்பார். சத்தம் கேட்கும் மட்டும் நான் எண்ணுவேன். மூன்று வெடி. மூன்று தரமும் எட்டு. ஒரு மயிரிழை கூடக் குறையவில்லை. ஐயா சந்தோஷத்தில் எனக்குச் சோடா வாங்கித் தந்தார்.

என் எண்ணிக்கையில் பிழை இல்லை. என் வேகத்தில் பிழை. லொறிக்காரன் ஹோர்ன் அடிக்க அடிக்க எண்ணிப் பழகிய வாய், மற்றவர் ஐந்து எண்ணுகிற நேரத்தில் எட்டு எண்ணிவிடும். கட்டுரை வந்து ஒரு வருடத்துக்குப் பிறகு, மழை நாளில் ஐயாவின் மனைவி விறாந்தையில் இருந்து எண்ணிப் பார்த்து, “எனக்கு அஞ்சுதான் வருது” என்றாராம். ஐயா மணிக்கூட்டைப் பிடித்துப் பார்த்தார், ஐந்துதான். உடனே திருத்தம் அனுப்பினார். அது கூந்தல் எண்ணெய் விளம்பரத்துக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் வந்தது. ஒருவரும் பார்க்கவில்லை. அந்த வெட்கத்தை அவர் யாருக்கும் சொன்னதில்லை. எனக்கு மட்டும் ஒருமுறை, என் மனம் நோகாதபடி, மெல்லச் சொன்னார். அதன் பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைத்ததே இல்லை.

மழை தொடங்கும் முன் சந்தை கலைந்தது. நான் நனைந்துகொண்டே வாசிகசாலைக்குப் போய் அந்த அறுபத்தொரு இடத்தையும் திரும்பப் புரட்டினேன். உண்மைக்குக் கையெழுத்து இல்லாமல் இருக்கலாம். பிழைக்கு உண்டு! எட்டு என்று எவன் எழுதியிருக்கிறானோ அவன் எங்கள் ஐயாவை வாசித்திருக்கிறான், அல்லது வாசித்தவனை வாசித்திருக்கிறான். வேறு எங்கும் அந்த எட்டை எடுத்திருக்க முடியாது. பள்ளிக்கூட மலர், எட்டு. கடற்றொழிலாளர் சங்க அறிக்கை, ‘எட்டு எண்ணுவதற்குள் இடி கேட்டால் வள்ளத்தைக் கரைக்குத் திருப்புக’. கடை ஒன்றின் நாட்காட்டித் தாள், எட்டு. தென்மராட்சியில் இருந்து ஒரு சிறுவர் பத்திரிகை, எட்டு. எண்ணி முடித்தபோது பத்தொன்பது! ஈரச் சேட்டோடு அந்த அறைக்குள் நான் தனியே நின்று கைதட்டினேன். என் வயதில் ஒரு ஆள் செய்கிற வேலை இல்லை அது.

ஐயாவிடம் சொன்னபோது அவர் கைதட்டவில்லை. முகம் கறுத்துவிட்டது.

“விசர்க் கதை கதைக்காதையும். என்ரை பிழையை நானே எண்ணிக் கொழும்புக்கு அனுப்புறதோ? பிள்ளையளின்ரை புத்தகம் எழுதக் கேக்கிறன், இருவது வருசம் ஊரைப் பிழையா எண்ணப் பண்ணினவன் எண்டு நானே சாட்சி குடுக்கிறதோ? புத்தகம் போனால் போகட்டும்.”

வழக்கமாக ஒருவர் குரலை உயர்த்தினால் நான் போய்விடுவேன். அன்று கால் நகரவில்லை.

“பிழை என்ரை வாய் ஐயா” என்றேன். “நான் கெதியா எண்ணினனான். அதை எழுதுங்கோ. எண்ணினவன் சந்தைக்காரன் எண்டு எழுதுங்கோ. திருத்தம் போட்டனீங்கள், அந்தத் தாளும் என்னட்டைக் கிடக்கு. அதையும் வையுங்கோ. மறைச்சால்தான் வெக்கம். அனுப்பினால் கணக்கு.”

இவ்வளவு நீளமாக நான் அதற்கு முதல் ஒருவரிடமும் கதைத்ததில்லை. நாக்கு வறண்டுவிட்டது.

“அந்த மனிசன் வாய் திறந்து இண்டைக்குத்தான் பாக்கிறன்” என்றார் ஐயாவின் மனைவி, எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து. பிறகு கணவரிடம், “உங்களுக்குப் பிழைவரும் எண்டு இவ்வளவு காலமும் எனக்கு மட்டும் தெரியும். இனிக் கொழும்புக்கும் தெரியட்டுமன். எனக்குத் துணையாப் போகும்.”

ஐயா சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை. மேசை லாச்சியை இழுத்துத் திறந்து பேனையை எடுத்தார்.

நிரலை மூன்று பங்காக எழுதினார். கட்டுரை நூற்று எண்பத்தாறு. பெயர் சொன்னவர்கள் மூன்று, அதில் திட்டினவர் ஒருவர் என்று பக்கத்தில் குறித்தார். பெயர் சொல்லாதவர்கள் அறுபத்தொன்று; அதில் எட்டு என்ற பிழையோடு எடுத்தவர்கள் பத்தொன்பது. திருத்தத்தை எடுத்துச் சொன்னவர்கள்: ஒருவரும் இல்லை. அந்தக் கடைசி வரியை எழுதியபோது அவருக்கு வலித்தது, பார்த்தேன். எங்கள் பக்கத்தில் ஏன் பெயர் சொல்லுவதில்லை என்று ஒரு பந்தியும், எட்டு வந்த கதையை ஒரு பந்தியும் எழுதினார். கடைசி நாள், தபாற்கந்தோர் பூட்ட முதல், நானே சுன்னாகத்தில் பதிவுத் தபாலில் போட்டேன். பற்றுச்சீட்டை மேற்பைக்குள் வைத்து, வீடு வரும் மட்டும் நாலு தரம் தொட்டுப் பார்த்தேன்.

இரண்டு மாதம் பதில் இல்லை. அந்த நாட்களில் ஐயா மருந்தைக்கூடப் பேசாமல்தான் தந்தார்.

ஒருநாள் சந்தை நிறைந்திருந்த நேரம். வெங்காயக் குவியலுக்கு நடுவே, வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்போதிக்கரி ஐயா வருகிறார். அவர் சந்தைக்கு வந்து நான் கண்டதில்லை. சாமான் வாங்குவதெல்லாம் அவருடைய மனைவிதான்.

“காணும்! எடுத்திட்டாங்கள்!”

லொறிக்காரன் எண்ணிக்கையைக் கேட்டுக் கத்தினான். நான் கேட்கவில்லை. ஐயா கடிதத்தைப் பிரித்து எல்லோருக்கும் முன்னால் வாசித்தார். பெயர் குறிப்பிடாத மேற்கோள்களை ஏற்பது வழக்கமில்லையாம். ஆனால் பிழையோடு எடுத்தாளப்பட்ட பத்தொன்பதையும் மறுக்க வழியில்லையாம். இதுவரை தங்களுக்கு வந்த நிரல்களில், தன் பிழை எவ்வளவு தூரம் போனது என்று எண்ணிக் காட்டிய நிரல் இது ஒன்றுதானாம். பிள்ளைகளுக்கு எழுதுகிறவருக்கு அந்தக் கவனம் வேண்டுமாம். புத்தகத்தை அவரே எழுதலாம்.

“அப்ப எட்டுப் பிழையோ?” என்று சாக்குக்கு மேல் இருந்த புத்தூர் ஆள் ஒருவர் கேட்டார்.

“ஓம், அஞ்சுதான் சரி” என்றார் ஐயா.

“அது உங்களுக்கு. எனக்கு இருவது வருசமா எட்டுத்தான். இடி இன்னும் என்ரை தலையிலை விழேல்லை.”

சந்தையே சிரித்தது. ஐயா எல்லோரையும்விடக் கூடுதலாகச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்து, கண்ணாடியைக் கழற்ற வேண்டி வந்தது. லொறியை மறித்து வைத்து நான் திரும்ப முதலிலிருந்து எண்ணினேன். லொறிக்காரன் ஏசினதெல்லாம் காதில் தேன் மாதிரி இருந்தது.

இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். புத்தகம் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு பாடம் முடிந்ததும் தாள்களை என்னிடம் கொண்டுவந்து தருவார். “உமக்கு விளங்கினால் அஞ்சாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கும். விளங்காத இடத்திலை ஈர்க்குச் செருகும்” என்பார். முதலாம் பாடத்தில் பதினொரு ஈர்க்குச் செருகினேன், பயந்து பயந்து. அவர் பதினொன்றையும் திருப்பி எழுதினார். காற்றைப் பற்றிய நான்காம் பாடம் நேற்று வந்தது. மனைவி உரக்க வாசிக்க, நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். ஒரு ஈர்க்கும் செருகவில்லை. இதை எழுதி முடித்ததும் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அவர் காத்துக்கொண்டிருப்பார்.

12.10.1980, ஞாயிற்றுக்கிழமை.